சம்பங்கி ஏரிக்கு நடுவுல ஒரு நீலப் புள்ளி: கூகுள் எர்த் ப்ரோ + பழைய பெங்களூர் மேப், அல்சூர்லேர்ந்து ஒரு ரிவியூ

முதல்லயே சொல்லிடறேன், நான் மேப் கிப் படிச்சவ இல்ல, ஒரு ஆஃபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறவ. ஆனா கடந்த ஆறு மாசமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் லேப்டாப்ப தொறந்து வச்சிட்டு பழைய பெங்களூர் மேப்ப புது பெங்களூர் மேல ஒட்டி ஒட்டி பாத்துட்டு இருக்கேன், வீட்ல எல்லாரும் எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனைக்கறாங்க, அதனால யாருக்காவது உபயோகப்படட்டுமேன்னு இத எழுதறேன்.

ஆரம்பிச்சது ஒரு வளைகாப்புல. எங்க பெரிய மாமா, 80 தாண்டிட்டாரு, மர்ஃபி டவுன்ல பொறந்தவரு, பேச்சுவாக்குல "எங்க ஆயா சம்பங்கி ஏரிக்கரைல கீரை வாங்கினு வந்து தண்டுல விக்கும்"னாரு. (தண்டுன்னா கண்டோன்மென்ட், எங்க பெரியவங்க இன்னும் அப்படித்தான் சொல்றாங்க.) உடனே அவர் பேரன், ஐடி பையன், "தாத்தா, சம்பங்கில ஏரியா? அது கண்டீரவா ஸ்டேடியம்"னு சிரிச்சுட்டான். மாமா ஒன்னும் பேசல. பந்தியில கூட பாதியில எழுந்துட்டாரு. எனக்கு அது மனசுல உறுத்திகிட்டே இருந்துச்சு, சரி, நிரூபிச்சு காட்டிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல பண்ண தப்பு, காசு குடுத்தது. ஹெரிடேஜ் வாக்குக்குன்னு ஒரு ஆப், பேர் வேணாம், வருஷத்துக்கு 499 ரூபா கட்டினேன். தொறந்தா நூறு இடத்துக்கு பின் குத்தி வச்சிருக்கு, ஒவ்வொன்னுக்கும் நாலு வரி இங்கிலீஷ், பின்னணியில வீணை மியூசிக். கெம்பேகௌடா கோபுரம்னு ஒரு பின்ன நம்பி மத்தியான வெயில்ல ஆட்டோ புடிச்சு போனா அங்க ஒரு டயர் கடை. ரீஃபண்ட் கேட்டு மெயில் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு வந்துச்சு. அத்தோட அது முடிஞ்சுது.

அப்புறம்தான் கூகுள் எர்த் ப்ரோ. இது கம்ப்யூட்டர்ல போடற பழைய சாஃப்ட்வேர், ஒரு காலத்துல வருஷத்துக்கு 399 டாலர் வாங்கிட்டு இருந்தாங்க, 2015 ஜனவரிலேர்ந்து இலவசம். மேல டூல்பார்ல ஒரு கடிகாரம் மாதிரி ஐகான் இருக்கும், அத அமுக்குனா ஒரு ஸ்லைடர் வரும், இழுத்தா பழைய சாட்டிலைட் படம் ஒவ்வொன்னா பின்னாடி போகும். 2024லேர்ந்து பிரவுசர்லயும் போன்லயும் கூட பழைய படம் வருது, ஆனா நம்ம கையில இருக்கற ஸ்கேன் பண்ண மேப்ப எடுத்து மேல போர்த்தி பாக்கறதுக்கு எனக்கு டெஸ்க்டாப்புதான் வசதியா இருக்கு.

சாட்டிலைட் படத்துக்கு ஒரு எல்லை இருக்கு, அத புரிஞ்சுக்காம நான் ரெண்டு வாரம் வீணடிச்சேன். 80கள்ல எடுத்த படம்னா மங்கலா பச்சையும் பழுப்புமா ஒரு கலங்கல், தெரு தெரியற மாதிரி தெளிவான படம் 2000த்த ஒட்டித்தான் ஆரம்பிக்குது. ஒயிட்ஃபீல்டு பக்கம், சர்ஜாப்பூர் பக்கம் வயக்காடு எப்படி அப்பார்ட்மென்ட்டா மாறுச்சுன்னு பாக்கணும்னா அருமை, உக்காந்து அழலாம். ஆனா சம்பங்கி ஏரி அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே போயிடுச்சு. அதுக்கு காகித மேப்தான் வேணும்.

தேடினா கிடைக்குது. 1924ல வந்த ஒரு டிராவல் கைடுல இருந்த பெங்களூர் மேப், விக்கிமீடியா காமன்ஸ்ல ஃப்ரீயா இருக்கு. சின்னதுதான், ஆனா சிட்டி ஒரு பக்கம், கண்டோன்மென்ட் ஒரு பக்கம், நடுவுல கப்பன் பார்க், ஏரிங்க எல்லாம் அழகா போட்டிருக்கும். எர்த் ப்ரோல ஆட் மெனுல இமேஜ் ஓவர்லேன்னு இருக்கு, அதுல படத்த குடுத்தா ஊர் மேல விரிச்சு வச்சுக்கும், பச்சை கோடு மூலைகள புடிச்சு இழுத்து, திருப்பி, பொருத்தணும், கீழ ஒரு ஸ்லைடர் இருக்கும், அத நகத்துனா பழைய மேப் மெல்ல கண்ணாடி மாதிரி ஆகி அடியில இன்னிக்கு ஊரு தெரியும்.

இந்த பொருத்தற வேலையிலதான் எல்லாமே இருக்கு. நூறு வருஷமா நகராம இருக்கற இடமா நாலஞ்சு பாத்து, பழைய மேப்லயும் புது படத்துலயும் ஒன்னு மேல ஒன்னு வைக்கணும். கண்டோன்மென்ட்ல அதுக்கு சர்ச்தான் கதி, ஏன்னா ரோடு அகலமாகும், பேர் மாறும், சவுத் பரேடு எம்ஜி ரோடு ஆச்சு, கேவல்ரி ரோடு காமராஜ் ரோடு ஆச்சு, சர்ச்ச யாரும் நகத்த மாட்டாங்க. நான் என்ன பண்ணேன், செயின்ட் மார்க்ஸ்னு நெனச்சு செயின்ட் ஆண்ட்ரூஸ்ல புள்ளி வச்சுட்டேன், ரெண்டும் பக்கத்து பக்கத்துல, மேப்ல ரெண்டுக்கும் ஒரு சிலுவைதான். ஏரி அப்படியே வழுக்கிட்டு போயி கப்பன் பார்க் மரத்து மேல உக்காந்துருச்சு. நான் அதையே மாமா பேரனுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன் வேற. மறுநாள் எம்ஜி ரோடு கிழக்கு முனையில ட்ரினிட்டி சர்ச்சு, அல்சூர் ஏரியோட கரை, கண்டோன்மென்ட் ஸ்டேஷன், இந்த மூணையும் புடிச்சு திருப்பி பொருத்துனேன். ஸ்டேஷன் நல்ல புள்ளி, ஏன்னா ஜோலார்பேட்டைலேர்ந்து 1864ல ரயில் வந்து நின்ன இடமே தண்டுதான், சிட்டி ஸ்டேஷன் எல்லாம் அப்புறம். எங்க கொள்ளுத்தாத்தா கூட்டமும் அந்த லைன் புடிச்சுதான் வந்து எறங்குச்சுன்னு வீட்ல ஒரு பேச்சு உண்டு.

இந்த தடவை ஸ்லைடர பாதிக்கு கொண்டு வந்தேன். ஸ்டேடியத்தோட ஓடற ட்ராக் இருக்கில்ல, செங்கல் கலர்ல முட்டை மாதிரி, அது முழுசா ஏரியோட நீலத்துக்குள்ள விழுந்துச்சு. ஏரிதான் பெருசு. ஸ்டேடியம், சுத்தி இருக்கற ரோடு, எல்லாம் அது வயித்துல. ஒரு ஓரத்துல மட்டும் இன்னிக்கு படத்துலயும் ஒரு சின்ன சதுரத் தண்ணி பளபளன்னு தெரியும், அதுதான் மிச்சம் வச்சிருக்கற குட்டை, கரகத்துக்காக. கரகம்னா தெரியுமில்ல, சித்ரா பௌர்ணமிக்கு திகளர்பேட்டை தர்மராயர் கோயில்லேர்ந்து கிளம்பறது, திரௌபதி அம்மனுக்கு எடுக்கறது. திகளர்ங்க தமிழ்ப் பக்கத்துலேர்ந்து வந்து இங்க தோட்டம் போட்டு தழைச்ச ஜனங்க, அந்த ஏரிய சுத்தி பூவும் கீரையும் போட்டவங்களே அவங்கதான். ஏரிய மூடுனாலும் சாமிக்கு தண்ணி வேணுமே, அதான் அந்த சதுரத்த மட்டும் விட்டு வச்சிருக்காங்க.

அந்த படத்த பேரனுக்கு அனுப்பல. லேப்டாப்ப தூக்கிட்டு நேரா மாமா வீட்டுக்கு போனேன்.

இங்கதான் இந்த டூலோட நிஜ ரிவியூ ஆரம்பிக்குது. மாமாவுக்கு மேலேர்ந்து பாக்கற படம் புரியவே இல்ல. "என்னாமா இது, ஈரக் கோணி மாதிரி இருக்குது"ன்னாரு. வடக்கு மேல இருக்கறது அவருக்கு ஒத்தே வரல. "ஏரி எனக்கு சோத்தாங்கை பக்கம்ல வரணும், நீ தலைகீழா வச்சினு இருக்கற." எர்த்ல வலது மூலைல ஒரு திசைகாட்டி வளையம் இருக்கும், அத புடிச்சு சுத்துனா மொத்த ஊரும் சுத்தும். அவர் தெருவ கீழ கொண்டு வந்து, அவர் வீட்டு வாசல்ல நின்னு பாக்கற மாதிரி திருப்பி வச்சேன், அவ்ளோதான், மனுஷன் விரல ஸ்க்ரீன்ல வச்சு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. அல்சூர் சோமேஸ்வரர் கோயில், பஜார், ஏரிக்கரை, இங்க ஒரு அரிசி மண்டி, இங்க ஜட்கா நிக்கும், இங்க ஒரு கொழாய், அதுக்கு பின்னாடி எங்க சின்னம்மா வீடு. விரல் போன இடத்துல எல்லாம் 1924 மேப்ல என்ன இருந்துச்சு தெரியுமா? ஒன்னுமில்ல. வெள்ளை. பேரக்ஸ் இருக்கு, கிளப் இருக்கு, கல்லறை கூட பேரோட இருக்கு, ஜனங்க இருந்த இடம் வெறும் கோடு போட்ட கட்டம். போட்டவன் யாருக்காக போட்டானோ அவனுக்கு வேணுங்கறதுதானே இருக்கும். நான் ஒவ்வொன்னுக்கும் மஞ்சள் பின் குத்தி மாமா சொன்ன பேரையே தமிழ்ல டைப் பண்ணேன், எர்த் ப்ரோல தமிழ் யூனிகோட் நல்லாவே வருது, அன்னிக்கு ராத்திரி மட்டும் 43 பின்.

அப்புறம் மாமாவே கேட்டாரு, "ஏம்மா ஏரிய மூடுனாங்க?" எனக்கு அப்போ தெரியல, வந்து படிச்சேன். அது வரைக்கும் ஊருக்கு குடிதண்ணியே இந்த ஏரிங்கதான். 1890கள்ல ஹெசரகட்டா ஏரிலேர்ந்து பைப்ல தண்ணி வந்துச்சு, 1933ல திப்பகொண்டனஹள்ளி அணைத் தண்ணியும் வந்துச்சு, கொழாய்ல தண்ணி வந்ததும் ஏரி ஊருக்கு பாரமா தெரிய ஆரம்பிச்சுருச்சு, கொசுவாம், நாத்தமாம், காலி இடமாம். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் ஆச்சு. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி ஸ்டேடியம். சூளை ஏரி ஃபுட்பால் ஸ்டேடியம், சூளைன்னா நம்ம செங்கல் சூளைதான்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. இந்த ஊர்ல எங்கயாவது ஸ்டேடியத்த பாத்தா எனக்கு இப்போ சந்தேகமாவே இருக்கு.

சரி, டூல் பத்தி மறுபடி. எர்த் ப்ரோல கையால இழுத்து பொருத்தறது ஒரு அளவுக்குத்தான் சரி வரும், ஏன்னா அது மேப்ப மொத்தமா நீட்டும், திருப்பும், அங்கங்க வளைக்காது. துல்லியம் வேணும்னா க்யூஜிஐஎஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல ஜியோரெஃபரன்சர்னு ஒரு பகுதி இருக்கு, எத்தனை புள்ளி வேணா வைக்கலாம், ஒவ்வொரு புள்ளியும் எவ்ளோ தள்ளி இருக்குன்னு கணக்கு போட்டு காட்டும். மெனுவ பாத்தா மயக்கம் வரும், எனக்கு ஆஃபீஸ் கணக்கு சாஃப்ட்வேர் டாலியே பரவால்லன்னு ஆயிடுச்சு, ஆனா ரெண்டு யூடியூப் வீடியோ பாத்து மூணாவது ஞாயித்துக்கிழமை கை வந்துருச்சு. அவ்ளோ பொறுமை இல்லாதவங்களுக்கு மேப் வார்ப்பர்னு ஒரு சைட் இருக்கு, பிரவுசர்லயே புள்ளி வச்சு பொருத்திட்டு எர்த்துக்கு ஏத்த ஃபைலா எறக்கிக்கலாம்.

கொஞ்சம் தைரியம் வந்ததும் 1791 மேப்ல கை வச்சேன். கார்ன்வாலிஸ் படை திப்புகிட்டேர்ந்து பெங்களூர் கோட்டைய புடிச்சப்போ போட்ட பிளான், மார்ச் 7 பேட்டைய (கோட்டைக்கு வெளிய இருந்த ஊரு) அடிச்சாங்க, 21 ராத்திரி கோட்டை விழுந்துச்சு, எந்த பக்கத்துலேர்ந்து பீரங்கி வச்சாங்கன்னு வரைக்கும் கோடு போட்ட ஐட்டம். கோட்டை ஒரு முட்டை வடிவம், அதுக்கு வடக்க பேட்டை. இதுல சர்ச் கிர்ச் எல்லாம் கிடையாது, எத புடிக்கறது? டெல்லி கேட் இருக்கு, கேஆர் மார்க்கெட் பக்கத்துல இன்னிக்கும் நிக்கற அந்த ஒரு துண்டு கோட்டை வாசல். திப்பு அரண்மனை இருக்கு. பேட்டைல சிக்பேட்டை ரோடும் அவென்யூ ரோடும் குறுக்க வெட்டிக்கற இடம் இருக்கு, அவென்யூ ரோடுதான் அந்த காலத்து தொட்டபேட்டை. மூணையும் புடிச்சு போட்டேன். கோட்டை பக்கம் ஓரளவு உக்காந்துச்சு, பேட்டையோட ஓரம் எல்லாம் அங்கங்க பிச்சிகிட்டு நின்னுச்சு. ஆனாலும் விக்டோரியா ஆஸ்பத்திரி பக்கம் கேஆர் ரோடு கோட்டை வயித்த கிழிச்சிட்டு நேரா போறத பாத்தப்போ, தினமும் 20 வருஷமா பஸ்ல போன ரோடு இது, ஒரு நாள் கூட கோட்டைக்குள்ள போறோம்னு தெரியாம ஜன்னலோரம் தூங்கிட்டு போயிருக்கேனேன்னு இருந்துச்சு.

தமிழ் ஆளுங்களுக்கு இந்த விஷயத்துல கூடுதலா ஒரு லட்டு இருக்கு. மிதிக் சொசைட்டிக்காரங்க (பழைய சரித்திரம் ஆராயற பெங்களூர் சங்கம்) பெங்களூர் சுத்தி இருக்கற கல்வெட்டுகள 3டில ஸ்கேன் பண்ணி, எந்த கல்லு எங்க இருக்குன்னு மேப்ல போட்டுட்டு வர்றாங்க, எர்த்துலயே பாக்கலாம். பேகூர்ல 9ஆம் நூற்றாண்டு கன்னட வீரக்கல்லு, அதுலதான் பெங்களூர்ங்கற பேரே வருது, எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா தமிழ்க் கல்வெட்டு எவ்ளோ இருக்குன்னு எனக்கு தெரியாது! தொம்லூர் சொக்கநாத பெருமாள் கோயில் கல்வெட்டுகள்ல அந்த ஊருக்கு தேசிமாணிக்கப்பட்டணம்னு பேரு. ஃப்ளைஓவர்க்கு கீழ ட்ராஃபிக்ல நின்னுட்டு ஒரு தடவை சொல்லி பாருங்க, தேசிமாணிக்கப்பட்டணம். மடிவாளா சோமேஸ்வரர் கோயில்ல 1247ஆம் வருஷத்துது ஒன்னு, வெப்பூர்க்காரர், அதாவது இன்னிக்கு பேகூர், வெங்களூர் பெரிய ஏரிக்கு கீழ இருக்கற நிலத்த தானம் குடுத்ததா தமிழ்லயும் கிரந்தத்துலயும் இருக்கு. அங்கயே இன்னொரு தானத்துல தாமரைக்கிரைன்னு ஒரு இடம் வருது. நான் கல்வெட்டு பின்ன எர்த்துல போட்டு சும்மா சுத்தி பாத்துட்டு இருந்தேன், பக்கத்துல ஏரியா பேரு தாவரேகெரே. கன்னடத்துல தாவரேன்னா தாமரை, கெரேன்னா ஏரி. என் காலேஜ் ஃப்ரெண்டு அங்க பத்து வருஷமா பிஜி நடத்துறா. உடனே போன் போட்டேன், "உன் அட்ரஸ் கல்வெட்டுல இருக்குடி"ன்னேன், "தண்ணி லாரி வரல, அப்புறம் பேசறேன்"னு வச்சுட்டா.

ஸ்ட்ரீட் வியூ பத்தி ஒரு வார்த்தை. வெளிநாட்டு ஊருங்களுக்கு 15 வருஷம் பின்னாடி போயி தெருவ பாக்கலாம், நமக்கு அது இல்ல. 2011ல பெங்களூர்லதான் கார் ஓட ஆரம்பிச்சுது, போலீஸ் நிறுத்த சொல்லிட்டாங்க, மறுபடி 2022லதான் வந்துச்சு. மெட்ரோவுக்கு முன்னாடி எம்ஜி ரோடு எப்படி இருந்துச்சுன்னு தெருவுல நின்னு பாக்கணும்னா இதுல வழியில்ல, யாராவது வீட்டு ஆல்பத்துலதான் பாக்கணும். அதே மாதிரி அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர், 1991ல வச்சு 2009 வரைக்கும் மூடியே கெடந்தாரு, சாட்டிலைட்ட எவ்ளோ பெருசு பண்ணாலும் அவர் ஒரு புள்ளிதான், மூடி இருக்காரா தொறந்து இருக்காரான்னு மேலேர்ந்து யாருக்கு தெரியும்.

நடந்துகிட்டே பாக்கணும்னா நான் பொருத்துன மேப்ப போன்ல அவென்சாங்கற ஆப்ல ஏத்திக்கறேன், சொந்த மேப் மூணு வரைக்கும் காசில்லாம போடலாம், ஜிபிஎஸ் புள்ளி 1924 மேப் மேலயே நகரும், நெட் கூட வேணாம். மொத தடவை இத எடுத்துட்டு போனது கண்டீரவாவுக்குதான். ஸ்டேடியம் பக்கத்து ஃபுட்பாத்ல பைட்டு டீ (ஒன்ன ரெண்டா பிரிச்ச அரை டீ) குடிச்சிட்டு நிக்கறேன், போன்ல நீலப் புள்ளி சம்பங்கி ஏரிக்கு நடுவுல மெதுவா துடிச்சிட்டு இருக்கு. டீக்கடைக்காரர்கிட்ட காட்டுனேன். பாத்துட்டு, "அதான் மேடம் மழை வந்தா இங்க தண்ணி நிக்குது"ன்னாரு, கன்னடத்துல. எர்த் ப்ரோவுக்கு அன்னிக்குதான் நான் மனசுக்குள்ள ஸ்டார் போட்டேன்.

மார்க்குன்னு கேட்டா: எர்த் ப்ரோ 5க்கு 4, ஒரு மார்க்க எடுத்தது அது மேப்ப வளைக்காததுக்கு. க்யூஜிஐஎஸ் வேலைக்கு 5, பழகறதுக்கு 2. கல்வெட்டு மேப்புக்கு முழு மார்க், எனக்கு பாரபட்சம் உண்டு. வீணை ஆப்புக்கு அந்த வீணைக்காக அரை. 8 ஜிபி ராம் லேப்டாப் போதும், மேப் ஸ்கேன எவ்ளோ பெருசா கிடைக்குதோ அவ்ளோ பெருசா எறக்குங்க, கேஎம்இஸட் ஃபைலா (எர்த்தோட சொந்த ஃபைல் வகை) சேவ் பண்ணி வேற எங்கயாவது ஒரு காப்பி வைங்க, என் 43 பின்ல 12 ஒரு தடவை நானே சேவ் பண்ணாம மூடி போச்சு, மாமாகிட்ட போயி மறுபடி கேட்டா கொழாய இந்த தடவை தெருவுக்கு அந்தப் பக்கம் சொல்றாரு. ரெண்டு பக்கமும் குத்தி வச்சிருக்கேன்.

அந்த மேப்ப பெருசா பிரின்ட் எடுத்து மாமாவுக்கு குடுத்தேன், ஹால்ல ஒட்டி வச்சிருக்காரு, வெள்ளையா இருந்த கட்டத்துல எல்லாம் பால்பாயின்ட் பேனால பேர் எழுதியிருக்காரு. பேரன் வந்து பாத்துட்டு ஒன்னும் சொல்லல, போட்டோ மட்டும் எடுத்துனு போனான். போன வாரம் மாமா போன் பண்ணாரு. அத்தை கேஜிஎஃப்காரங்க, அதாவது கோலார் தங்க வயல், அங்க சாம்பியன் ரீஃப்ங்கற சுரங்கத்துப் பக்கம், தொழிலாளிங்க லைன் வீட்ல இருந்தவங்க. "அந்த லைன் வூடு தெரியுமாமா அதுல?"ன்னாரு. நேத்து ராத்திரி எர்த்துல அங்க போயி பாத்தேன், சயனைட் மேடு (தங்கத்த பிரிச்செடுத்துட்டு கொட்டின மண்ணு) வெளுத்துப் போயி தெரியுது, சுரங்கம் 2001லயே மூடிட்டாங்க. லைன் வீடுங்க வரிசை வரிசையா இருக்கு, எது அத்தை வீடுன்னு அத்தைதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை லேப்டாப்ப எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கேன், அத்தை மீன் குழம்பு வைக்கறாங்களாம்.